திங்கட்கிழமை வந்த பதில்

மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்களை வரிசைப்படி அழைக்கும் மென்பொருளை எழுதியவள் வைதேகி. மூன்று முறை அழைத்தும் போனை எடுக்காதவரை என்ன செய்வது என்று மருத்துவமனை தந்த குறிப்பில் இல்லை. கேட்டு எழுதினாள். பதில் வருவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. அன்றே நடைமுறைக்கு வர வேண்டும் என்றார்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று, அடுத்தவருக்குப் போகும்படி எழுதிவைத்தாள். திங்களன்று பதில் வந்தது: "யாரையும் தாண்ட வேண்டாம். வீட்டுக்கு ஆள் அனுப்புவோம்." உடனே மாற்றினாள். ஆனால் இடையில் ஒரு ஞாயிறு இருந்தது. அன்று தாண்டப்பட்ட ஒரே பெயர் ரோசம்மாள். பதினெட்டாம் நாள் அவள் இறந்துபோனாள்.

வைதேகி அந்த வீட்டைத் தேடிப் போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து வருவதாக மட்டும் சொன்னாள். வாசலிலிருந்து பார்த்தாலே மருத்துவமனை தெரிந்தது. ரோசம்மாளின் கணவர் சவரிமுத்து நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார்.

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்த மொத ஆளு நீதாம்மா. வெயில்ல வந்திருக்கே, மோரைக் குடி." பிறகு அவராகவே சொன்னார். "அவளை வீட்ல படுக்க வச்சிட்டுப் பூசைக்குப் போனேன். அவளுக்காகத்தான் வேண்டிக்கிட்டிருந்தேன். போன்ல சத்தத்தைக் கொறச்சு வச்சிருந்தேம்மா. மூணு தடவை கூப்பிட்டிருக்காங்க. நாந்தான் அவளைக் கொன்னுட்டேன்."

"ஐயா, அது உங்க தப்பு இல்ல."

"இப்படிச் சொல்றதுக்காவது ஒரு பிள்ளை வந்துச்சே" என்று அவள் தலையில் கை வைத்தார்.

வைதேகி மோரைக் கீழே வைத்தாள். "நான் யாருன்னு சொல்லிடறேன் ஐயா" என்று தொடங்கினாள். சொல்லி முடித்தபோதும் அந்தக் கை அவள் தலைமேல்தான் இருந்தது.