சன்னலோர மேசை

வெற்றிச்செல்வியின் கை துண்டுக்குள் நுழைந்து சரத்குமாரின் விரல்களைப் பிடித்தது. தூரத்து நாற்காலியிலிருந்து அதைப் பார்த்த வேம்பனாருக்கு வயிறு பற்றி எரிந்தது.

அந்தப் பெண் அவருக்குச் சொந்தமும் இல்லை, அந்த இளைஞன் பகையும் இல்லை. எரிச்சலெல்லாம் அவர்கள் உட்கார்ந்திருந்த சன்னலோர மேசையிலிருந்து கிளம்பிய சிரிப்பின் மேல்தான்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மொபைல் கடை மாடியில் அன்று பொதுச் சோதனை. ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தாயக்கட்டை உருட்டிக் கதையை நடத்துகிற விளையாட்டுகள் இரண்டு வந்திருந்தன. ஒன்றுதான் அச்சுக்குப் போகும். ஒன்று வேம்பனார் எழுதியது. மற்றது, துபாயில் பல வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஊர் திரும்பிய லப்பைக்குடிக்காட்டு இலியாஸ் எழுதியது.

இரண்டு விதிக்கட்டுக்கும் ஒரே காக்கி அட்டை. எந்த மேசைக்கு எது போயிருக்கிறது என்பது சோதனையை நடத்தும் அஃப்ரினுக்கு மட்டும் தெரியும். எழுதியவர்கள் தள்ளி உட்கார்ந்து பார்க்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. ஆடுகிறவர்கள் பேரை மாற்றலாம், ஊரை மாற்றலாம், பிடிக்காத விதியை வெட்டியும் போடலாம். கடைசியில் மிஞ்சுவதுதான் விதி.

"என் எழுத்துல வெட்டறதுக்கு என்ன இருக்கு?" என்று உடையார்பாளையத்தில் பஸ் ஏறும் முன்பே மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். பள்ளிச் சான்றிதழில் அவர் வெறும் வேம்பு. முதல் புத்தகம் வெளிவந்த அன்றே வேம்பனார் ஆகிவிட்டார்.

அவர் படைத்திருந்தது சோழர் காலத்துக் கடல் வணிகர்களின் பெருவிளையாட்டு. கலம் செலுத்து படலம், சுங்கப் படலம் என்று நீளும். 'மறைகரப் பேரம்' என்ற ஒரே விதிக்கு முப்பது பக்கம், அடிக்குறிப்பு தனி. அதை யாரும் ஆடிப் பார்த்ததில்லை, அவர் உட்பட. மனைவி மட்டும் ஒருமுறை விதிக்கட்டைத் தூக்கிப் பார்த்து, "கனமா இருக்குங்க" என்று பாராட்டியிருந்தாள்.

சுவரோர மேசையில் எல்லாரும் தாளில் தலை கவிழ்ந்திருந்தார்கள். ஒருவர் கண்ணையே மூடிவிட்டார். என்னமாய் ஆழ்ந்துவிட்டார்கள் என்று வேம்பனார் பூரித்துப்போனார்.

சன்னலோர மேசையிலோ ஒரே கூச்சல்.

"ஏஜெண்ட் அண்ணே, துபாய் விசாவுக்கு மூணு விரலா? எங்க வூட்டையே வித்தாலும் வராது!"

"கத்தாத புள்ள! பக்கத்து ஏஜெண்ட் காதுல வுழுந்துடும். விரலாலயே பேசு!"

"அப்ப சுண்டு விரல்தான் தருவேன். வேணும்னா நகத்தையும் சேர்த்துக்க!"

துபாய், விசா. எழுதியது யார் என்று சொல்லவும் வேண்டுமா? அந்த மேசைக்காரர்கள் விதிக்கட்டின் மேல் டீ கிளாஸை வைத்திருந்தார்கள். இலியாஸ் எழுத்துக்கு அதுதான் மரியாதை என்று வேம்பனாருக்கு ஒரு நொடி குளிர்ந்தது. அடுத்த சிரிப்பில் மறுபடியும் பற்றிக்கொண்டது.

பக்கத்தில் இலியாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தன் சரக்குக்குத் தானே சிரிக்கிறான், வெட்கங்கெட்டவன். சற்று நேரத்தில் சுவரோர மேசையிலிருந்து ஒருவர் எழுந்து சன்னல் பக்கம் போனார். அப்புறம் இன்னொருவர். கண்மூடியவரும் கண் விழித்து ஓடினார்.

"சன்னலோர மேசை அச்சுக்குப் போகலாமா?" என்றாள் அஃப்ரின்.

அத்தனை கைகளும் உயர்ந்தன. இலியாஸின் கை எல்லாருக்கும் மேலே நின்றது.

"எழுதினவங்க ரெண்டு பேரும் சரின்னாத்தான் போகும். சார், நீங்க?"

வேம்பனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இது மாட்டுச் சந்தைம்மா! துண்டுக்குள்ள விரலைப் பிடிக்கறதெல்லாம் ஒரு விதியா? இதை எழுதினவனுக்குத் தமிழும் தெரியல, சரித்திரமும் தெரியல."

"அய்யா, அப்படிச் சொல்லாதீங்க. போவட்டும்ங்க," என்றான் இலியாஸ்.

கெஞ்சட்டும், நன்றாகக் கெஞ்சட்டும். பகல் முழுக்க எரிந்த வயிற்றில் இப்போதுதான் மோர் இறங்கியது வேம்பனாருக்கு.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்," என்றாள் அஃப்ரின். "நீங்க வேணாம்னா அப்புறம் மாத்த முடியாது."

"வேணாம். குப்பையில போடு!"

அஃப்ரின் சன்னலோர மேசைக்குப் போய் டீ கிளாஸை நகர்த்தினாள். வட்டக் கறை விழுந்த காக்கி அட்டையைத் துடைத்து, விதிக்கட்டை எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள். கனமாகத்தான் இருந்தது.

"சார், துண்டுக்குள்ள பிடிச்சது உங்க மறைகரப் பேரம்தான், ஊரை மட்டும் மாத்திக்கிட்டாங்க. இந்த மேசையில ஆடினது உங்க விளையாட்டு."