ராஜாவின் படுக்கை

விஜயதசமி மாலை. கொலுப்படியில் மரப்பாச்சி ராஜாவையும் ராணியையும் படுக்கவைக்கும் வேலை ஐந்து வயது மைதிலிக்குக் கிடைத்தது. பண்டிகைக்காகத் தம்பி சேஷாத்ரியின் வீட்டுக்கு வந்திருந்த அத்தை பூரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தாள். மைதிலி ராணியைப் படியில் கிடத்தினாள். ராஜாவை மட்டும் கூடத்து சோபாவுக்கு எடுத்துப்போய்த் துண்டால் போர்த்தினாள்.

“என்னடி, ராஜாவை விரட்டிட்டே?” அத்தை சிரித்தாள்.

“ராஜா இங்கதான் தூங்குவார். அம்மா கதவைச் சாத்திப்பா. நீங்க வந்தப்புறம்தான் அப்பா உள்ள படுத்துக்கறார்.”

அத்தையின் சிரிப்பு நின்றது. சேஷாத்ரி துண்டை விலக்கி ராஜாவை எடுத்தான். படிவரை வந்தான். ராணிக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

அவள் ஆரத்தித் தட்டின் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே இருந்தாள். நீர் எப்போதோ சிவந்துவிட்டிருந்தது.