கத்த வேண்டிய சொல்

விமானம் தரையில் மோதப்போகிறது என்றால் பணிப்பெண் பயணிகளைப் பார்த்துக் கத்த வேண்டியது ஒரே சொல்தான்: ‘குனி!’ பயிற்சியில் அதை முத்துப்பேச்சியைப் போலக் கத்த ஆளே இல்லை. வீட்டில் முதல் பட்டதாரி அவள். ஆத்தா மேல் இசக்கியம்மன் இறங்கிச் சாமியாடுவதைத் தோழிகளிடம் மறைத்தே வளர்ந்தவள். சக்கரம் ஒன்று இறங்காமல் விமானம் சாய்ந்தபடி தரையைத் தொட்ட அன்று, அவள் வாயிலிருந்து வந்ததோ “எம்மா, இசக்கியம்மா!” என்ற அலறல். எதிரே இருந்தவர்களும் தலை நிமிர்த்திக் கைகூப்பி அவளோடு சேர்ந்து கத்தினார்கள். ஒருத்தரும் குனியவில்லை.

யாரும் சாகவில்லை. வெளியே புல்தரையில் ஒரு தாய் தன் மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். முன்சீட்டில் மோதிப் பிளந்த பிள்ளையின் நெற்றியில், கட்டுத்துணியை மீறி ரத்தம் கசிந்தது.

“நீ கூப்பிட்ட கூப்பாட்டுக்குத்தான் தாயி அவ எறங்கி வந்தா. இல்லன்னா இந்நேரம் நாமெல்லாம் கரிக்கட்டை!”

“அப்படிச் சொல்லாதீங்கக்கா. நான் வேற சொல்லியிருக்கணும்.”

“நல்லாருக்கே! சாமி பேர விடப் பெருசா என்னத்தச் சொல்லுவ?”

முத்துப்பேச்சி பிள்ளையின் நெற்றிக்கட்டை இறுக்கிவிட்டாள். அந்தச் சொல்லைச் சொன்னால் வேலை போகும் என்பதுகூட இல்லை. கும்பிட்டு நிற்கிற அந்தத் தாயின் கை கீழே இறங்கிவிடும்.

தாய் மகளின் பிடரியில் கைவைத்து மெல்ல அழுத்தினாள்.

“அக்கா கால்ல விழுந்து கும்பிடுடி. குனி. இன்னும் நல்லாக் குனி.”

சொன்ன சொல் கேட்கும் பிள்ளை. உடனே குனிந்தது.