இறக்கையின் நுனி

"வால் இல்லாம எதுட்டி பறக்கும்?" என்று அண்ணன் சூசை அன்று கேட்டபோது, அமலோற்பவம் தான் கட்டிய விமானத்தின் இறக்கை நுனியைத் தடவினாள். பின்னோக்கிச் சாய்ந்த அந்த இறக்கையின் நுனியை லேசாக முறுக்கிவிட்டிருந்தாள். "வாலோட வேலைய இது பாத்துக்கிடும்ணே." அவன் நம்பவில்லை. இன்று எழும்பாவிட்டால் எடைக்குப் போட்டுவிடுவதென்று, பழைய இரும்புக்காரரை லாரியோடு உப்பளத்து வெட்டவெளிக்கே வரவழைத்திருந்தான்.

"பாத்து ஓட்டும்மா, நசுங்கிட்டுன்னா வெல கொறஞ்சிரும்," என்று அவர் சிரித்தார். அவள் அந்த ஒற்றை இருக்கையில் ஏறிப் பட்டையை இறுக்கினாள். காய்ந்த தரையில் சக்கரங்கள் தடதடத்து ஓடின. ஒருமுறை மூக்கு குனிந்தது. அவள் பிடியை மெல்லப் பின்னுக்கு இழுத்தாள்.

தடதடப்பு சட்டென்று நின்றது.

உப்புக் குவியல்கள் கீழே சிறுத்துக்கொண்டே போயின. சூசை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவளுடைய நிழலைத் துரத்தி ஓடினான். என்ன கத்தினான் என்று இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. அவள் இறக்கையைச் சாய்த்து லாரிக்கு மேலே ஒரு வட்டம் போட்டாள். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த இரும்புக்காரர், இறக்கி வைத்திருந்த தராசைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, லாரியைத் திருப்பிக்கொண்டு போனார்.