ஸ்டெப்புக்குத்தான் மார்க்

திட்ட விலக்கக் கணக்குக்கு ரூபஸ் எழுதியிருந்த விடை சரிதான். ஆனாலும் தாளில் பெரிதாக ஒரு பூஜ்யம் இருந்தது.

"கால்குலேட்டர் வேணாம், கையால போடுங்கன்னு சொன்னேன்ல? ஒரு ஸ்டெப்கூட இல்லையே" என்றார் ஹெலினா மேடம்.

"விடை கரெக்ட்தானே மேடம். பாதி மார்க்காவது..."

"ஸ்டெப்புக்குத்தான் மார்க். உக்காருங்க."

அம்பத்தூர் தொழிற்சாலைகளில் தரம் பார்க்கும் ஊழியர்களுக்காக, வேலப்பன்சாவடி கல்லூரியில் நடக்கும் மாலை வகுப்பு அது. ரூபஸுக்கு ஐம்பத்தாறு வயது.

வகுப்பு முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது, கூடப் படிக்கும் அபிஷேக் பொருமினான்.

"வயசுக்காவது மரியாத வேணாமா அண்ணாத்தே? இன்னா திமிரு பாரு அதுக்கு. வா, பிரின்சிபாலாண்ட சொல்லலாம்."

"இன்னான்னு சொல்றது? கையால போடாதது என் தப்புதானே" என்ற ரூபஸ், சிரித்துக்கொண்டே மனைவிக்கு போன் போட்டார்.

"ஞானம், பெத்த அப்பன்னுகூடப் பாக்காம உம் பொண்ணு எனக்கு முட்டை போட்டுட்டா. எதிர் ஊட்லயும் சொல்லு."