ஒன்பது முதல் நாலு வரை

மொட்டைமாடியில் பன்னிரண்டு சோலார் பேனல்களும் பட்டப்பகல் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தன. மீட்டர் சரி, வயர் சரி, இன்வெர்ட்டர் சரி. எல்லாம் சரியாக இருந்ததுதான் மெக்கானிக்குக்குப் பெரிய தலைவலி.

இந்த வீட்டுக்கு இது மூன்றாவது படையெடுப்பு. "கோளாறு எங்கேன்னு இன்னிக்குக் கண்டுபிடிச்சுட்டு வா. இல்லேன்னா நாளைலேருந்து வராதே" என்று மேனேஜர் வழியனுப்பியிருந்தார். ஆறு வருஷம் அடுத்தவர் பின்னால் ஏணி தூக்கியவன், தனிப் பொறுப்பில் பொருத்திய முதல் வீடு இது.

"என்ன தம்பி, ஏதாவது பிடிபட்டுதா?"

ஓய்வு பெற்ற சூப்பிரண்டு இடுப்பில் கைவைத்து நின்றார். முன்கூட்டிப் போன் பண்ணாமல் அவர் வாசலை யாரும் மிதிக்கக் கூடாது. பண்ணினாலும் அரைமணி அவகாசம் தர வேண்டும். தந்த பிறகும் இன்று அவர் மூச்சு வாங்க, சட்டை முதுகோடு ஒட்டத்தான் கதவைத் திறந்தார். பெரிய மனுஷனாகத் தோற்றம் தருவது லேசான வேலை இல்லை என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டான்.

"இப்போ பிரமாதமா ஓடுது சார்."

"நீ வந்தா ஓடும். நீ தெருமுனை தாண்டினதும் படுத்துக்கும். விருந்தாளி முன்னாடி மட்டும் சமத்தா இருக்கற பிள்ளை மாதிரி."

மெக்கானிக் செல்போனை எடுத்து நேற்றைய மின் உற்பத்தி வரைபடத்தைப் பார்த்தான். காலை ஒன்பது வரை ஏறிய கோடு தொப்பென்று தரையில் விழுந்து, மாலை நாலு மணிக்குத்தான் எழுந்திருந்தது. முந்தாநாளும் அதே கூத்து. சூரியன் ஆபீஸ் போய்விட்டு வருவதுபோல.

இன்று மட்டும் பதினொன்றரைக்கே உயிர் வந்திருந்தது. அவன் போன் பண்ணிய அரைமணியில்.

"நான் வர்றேன்னு இதுக்கு யார் சார் சொல்றாங்க?"

"அதை நீதான் கண்டுபிடிக்கணும். அதுக்குத்தானே வந்திருக்கே?"

நிழலாக இருக்குமோ என்று நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தான். மரம் இல்லை, உயரமான கட்டடம் இல்லை. தண்ணீர்த் தொட்டிகூட எட்ட நின்றது.

"மேலே யாராவது வந்து கை வெச்சாங்களா சார்?"

சூப்பிரண்டின் முகம் சிவந்தது. "என் வீட்டுலயா? ஒரு கீறல் இருக்கா பாரு. ஒரு காக்கா எச்சம் இருக்கா பாரு. வந்து இறங்கின அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கில்ல? முப்பத்தஞ்சு வருஷம் ஃபைல் பார்த்தவன்யா நான். நீ அன்னிக்குச் சொன்னதெல்லாம் தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன்."

ஃபைலைப் பிரித்தார். பொருத்திய அன்று மெக்கானிக் ஆற்றிய சொற்பொழிவு அதில் நம்பர் போட்டு உட்கார்ந்திருந்தது.

"ஒண்ணு, மேகமா இருந்தாலும் கொஞ்சம் கரண்ட் வரும். ரெண்டு, போல்ட் போட்ட இடத்துல கூரை ஒழுகாது. மூணு, வெயில் கொளுத்தினாத்தான் கரண்ட் கொட்டும்னு ஜனங்க நினைக்கறது தப்பு. சூடு ஏறினா பேனலோட சக்தி குறையும். சொன்னியா, இல்லையா?"

"சொன்னேன் சார்."

அந்த நிலைமையிலும் மெக்கானிக்குக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. சோலார் பற்றி மக்களுக்கு இருக்கும் தப்பெண்ணங்களைப் போக்குவதில் அவனுக்கு அலாதிப் பிரியம். கேட்காவிட்டாலும் போக்குவான்.

"நான் ஒரு எழுத்து மீறல. மீறினது உன் பேனல்."

போன் அடித்தது. மேனேஜர்.

"தெரிஞ்சுதா?"

"இல்ல சார். இன்னும் ஒரே ஒரு நாள்..."

"போதும்ப்பா. அந்த மனுஷன் கோர்ட்டுக்குப் போறேங்கறார். நாளைக்கே வேற பேனல் மாட்டிடலாம். பொருத்தினதுல என் தப்புதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் கையில கொடு. அப்படியே டூல்ஸ் பையை ஆபீஸ்ல வெச்சுட்டு வீட்டுக்குக் கிளம்பு."

இணைப்பு துண்டானது. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சூப்பிரண்டு ஃபைலிலிருந்தே ஒரு வெள்ளைத் தாளை உருவிக் கொடுத்தார்.

'பொருத்தியதில் ஏற்பட்ட' என்பது வரை வந்த பேனா, என்ன ஏற்பட்டது என்று தெரியாமல் நின்றுவிட்டது. செய்யாத தப்பைக்கூட எழுதிவிடலாம்; என்ன தப்பு என்றே தெரியாததை எப்படி எழுதுவது?

சூப்பிரண்டே கைகொடுத்தார். "'கவனக்குறைவு'ன்னு போடு தம்பி. எந்த ஃபைலுக்கும் பொருந்தும்."

போட்டான். கையெழுத்தையும் போட்டான். அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு ஒருமுறை படித்துவிட்டு, தாளை ஃபைலில் கோத்தார்.

"மனசுல வெச்சுக்காதே. உனக்கு இன்னும் வயசு இருக்கு."

மெக்கானிக் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கினான். வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்பதற்கு முதல் வாக்கியம்கூடக் கிடைக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டக் குனிந்தபோது, மேலேயிருந்து சூப்பிரண்டு தன் மனைவியைக் கூப்பிட்டுச் சொல்வது கேட்டது.

"ஏம்மா, நாளைக்குப் புதுப் பேனல் வருது, இந்தத் தடவையாவது வெயில் ஒரு பொட்டுகூட உள்ளே இறங்காதபடி உறையை ரெட்டைத் துணியில தைச்சு வை!"