பக்கிரியின் பீப்பாய் வண்டி

2005 ஐப்பசி மழையில் கலங்கல் தாண்டி வழிந்த ஏரி, அடுத்த பங்குனிக்குள் முழங்கால் தண்ணீருக்கு வந்துவிட்டது. யார் காரணம் என்று ஊருக்கே தெரியும் என்றார் பாசன சங்கத் தலைவர் இருசப்பன்.

"பக்கிரிதாங்க. அவன் பீப்பா வண்டி."

விசாரிக்க வந்திருந்த இன்ஜினியர் கீதாஞ்சலி, எழுதுவதை நிறுத்தினார். ஏரி எழுநூறு ஏக்கர். பக்கிரியிடம் இருப்பது ஒற்றை மாட்டு வண்டி, அதன்மேல் ஒரு பீப்பாய். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிற நாற்பது பேர் குடிக்கவும், உப்பில் ஊறி வெடித்த கால்களைக் கழுவவும் அவன்தான் தண்ணீர் கொண்டுபோகிறான்.

"ஒரு பீப்பாவுலயா இவ்வளவு குறைஞ்சுது?"

"ரெண்டு நடை போறான் மேடம்" என்று திருத்தினார் இருசப்பன். சிறுதுளி பெருவெள்ளம் என்பது வருகிற தண்ணீருக்கு மட்டுமில்லை, போகிற தண்ணீருக்கும்தான் என்று ஒரு விளக்கமும் கொடுத்தார்.

சங்கச் செயலாளர் சகாயராஜ் நோட்டை விரித்தார். பள்ளிக்கூடத்தில் அவர் கணக்கு வாத்தியார். ஒரு பீப்பாய்க்கு இத்தனை லிட்டர், தினம் இரண்டு நடை, பன்னிரண்டு வருஷம் என்று பெருக்கி வைத்திருந்தார். வழியில் சிந்தியதைத் தனியாகச் சேர்த்திருந்தார். பன்னிரண்டு வருஷமும் மழை பெய்ததை மட்டும் எங்கேயும் கூட்டவில்லை.

கரைமேல் நடந்து வரும்போது, புதருக்குள் கோணிப்பை போர்த்தியிருந்த ஓர் ஆயில் இன்ஜினைக் கீதாஞ்சலி தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறியிருந்தார். அதைப்பற்றிக் கேட்டார்.

"அது ஓடி ரொம்ப நாளாச்சுங்க. வெயில்ல சுடுது" என்றார் சகாயராஜ்.

அதற்குள் தர்பூசணி வெட்டி வந்தது. எங்கே விளைந்தது என்று கேட்டதற்கு, ஏரிக்குள்ளேயேதான், தண்ணீர் வற்றிய இடத்தில் என்று நாலு பேர் பெருமையாகச் சொன்னார்கள். எந்தத் தண்ணீரில் என்று கேட்டபோது, பனியில் என்று ஒருவர் சொன்னார். பழம் என்னவோ நல்ல இனிப்பு.

தீர்மானம் தயாராக இருந்தது. பீப்பாய் வண்டி இனிமேல் ஏரிக்குள் இறங்கக் கூடாது. ஊரே கையெழுத்துப் போட்டாயிற்று, இன்ஜினியர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

பக்கிரி கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தான். கூப்பிட்டு, என்ன சொல்கிறாய் என்று கேட்டார் கீதாஞ்சலி.

"வண்டிய நிறுத்திட்டா எனக்கு வேற பொழப்பு இல்லீங்க. உப்பளத்துல பொம்பளைங்க ஒரு வாய் தண்ணிக்கு எங்க போவாங்க? அம்புட்டு தூரம் கூனிமேட்டுக்கா நடப்பாங்க?"

"அது உப்பளத்துக்காரங்க பாடு" என்றார் இருசப்பன்.

பக்கிரிதான் காரணம் என்று நினைப்பவர்கள் கை தூக்கச் சொன்னார் கீதாஞ்சலி. எல்லாக் கைகளும் உயர்ந்தன. இரண்டு கையையும் தூக்கியவர்களும் இருந்தார்கள். இளைத்தவனைக் கண்டால் எல்லோருக்கும்தான் எவ்வளவு வீரம் வந்துவிடுகிறது!

கீதாஞ்சலி தலையாட்டிக்கொண்டார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது என்று சொல்லி, வந்திருந்த எல்லோருக்கும் துண்டுச் சீட்டுக் கொடுத்தார்.

"உங்க பேர் போட வேணாம். ஏரியிலேர்ந்து தண்ணி எடுக்கிறது யாரு, எந்த இடத்துலன்னு மட்டும் எழுதிக் குடுங்க. சீட்டுல வர்ற இடத்தை எல்லாம் நாளைக்கே நேர்ல பார்த்து, மோட்டாரைக் கழட்டிடுறோம். அப்புறம் இருக்கிற தண்ணி மத்தவங்களுக்குத்தான்."

அந்தக் கடைசி வார்த்தை எல்லோருக்கும் பிடித்திருந்தது. கூட்டம் மூலைக்கு ஒருவராகப் பிரிந்தது. பரீட்சைப் பிள்ளைகள் மாதிரி கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள். சகாயராஜ் இன்னொரு சீட்டு கேட்டு வாங்கினார். இருசப்பன் பின்பக்கமும் எழுதினார்.

எல்லாச் சீட்டும் ஒரு தோள்துண்டில் வந்து சேர்ந்தது. கீதாஞ்சலி ஒவ்வொன்றாகப் பிரித்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். யாரும் இதை எதிர்பார்க்கவில்லை.

"'இருசப்பன். பனைமரத்துக்குப் பின்னால், அஞ்சு எச்.பி. மோட்டார்.'"

"'சகாயராஜ் வாத்தியார். பைப்பைப் பூமிக்குள் புதைத்து, மேலே வைக்கோல் போட்டு வைத்திருக்கிறார்.'"

"'இருசப்பனுடைய மச்சான். மதகுக்குக் கள்ளச் சாவி வைத்திருக்கிறார்.'"

ஊரில் இருக்கிற மோட்டார், இன்ஜின், ஹோஸ் எதுவும் பாக்கியில்லை. அரசாங்கம் ஆறு மாசம் அலைந்தாலும் இவ்வளவு துல்லியமான பட்டியல் கிடைத்திருக்காது. இருசப்பன் பெயர் மட்டும் பதினொரு சீட்டில் வந்தது. அதில் ஒன்று சொந்தத் தம்பி எழுதியது என்று எட்டிப் பார்த்த அவருக்கே தெரிந்துபோயிற்று. பக்கத்தில் இருந்தவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

கீதாஞ்சலி, கையெழுத்துப் போடாமலேயே தீர்மானத்தை மடித்து இருசப்பனிடம் திருப்பிக் கொடுத்தார்.

இருசப்பன் அப்போதும் விடவில்லை. "அப்ப பக்கிரி பேரு ஒரு சீட்டுல கூடவா இல்ல?"

"இருக்குது. ஒரே ஒரு சீட்டுல."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நான்தான் சொன்னேனே. அதையும் படிங்க மேடம், எல்லாரும் கேக்கட்டும்."

கீதாஞ்சலி கடைசிச் சீட்டைப் பிரித்துப் படித்தார்.

"'பக்கிரி. தினம் ரெண்டு பீப்பா. எடுக்கிறது நான்தாங்க.'"